இடைவேளை வரை பெரியவன் வீடு

திண்டுக்கல் பேகம்பூரில் கிழிந்த ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதக் கோன் ஒட்டும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஷமீம் பானுவுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்த தண்டபாணிக்கு அறுபத்திரண்டு. குருவைவிடச் சீடருக்கு வயது கூடினால் ஒரு வசதி உண்டு. திட்டு விழுந்தாலும் மரியாதையோடு விழும்.

தண்டபாணி சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவரைப் பிடித்த கிறுக்கு ஹோம் தியேட்டர். புதுப் பெட்டி ஆகாது, எல்லாம் பழசாகவே இருக்க வேண்டும். பின்பக்கத்துக்கு வால்வு ரேடியோக்களிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர். நடுவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடி ஓய்ந்த ஸ்பீக்கர். முன்னால் இடப்பக்கம், அவருடைய அப்பா வாங்கி வைத்த தேக்குப் பெட்டி. வலப்பக்கத்துக்குச் சந்தையில் கிடைத்த ஏதோ ஒன்று.

ஒரு திங்கட்கிழமை சீடர் கேட்டார்.

"வாத்தியாரம்மா, முன்னால வைக்கிற ரெண்டு பெட்டிக்கும் நடுவுல எத்தனை அடி இருக்கணும்?"

"இப்ப எத்தனை இருக்கு சார்?"

"ஏழே முக்கால். எட்டும் வச்சுப் பாத்தேன், ஏழரையும் வச்சுப் பாத்தேன். சத்தம் சேர மாட்டேங்குது. படத்துல ஒரு பஸ் இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போகுது. பாதி தூரம் பஸ்ஸாப் போயி, மிச்சம் மொபெட்டாப் போகுது."

குரு சிரித்தார்.

"அந்தத் தேக்குப் பெட்டிக்கு ஜோடி எங்க?"

"தம்பிகிட்ட."

"தம்பி எங்க?"

"செவத்துக்கு அந்தப் பக்கம்."

பதினோரு வருடத்துக்கு முன் பாகம் பிரித்தபோது அளந்தவர் தண்டபாணியேதான். ஊருக்கெல்லாம் கல் நட்டவர் சொந்த வீட்டில் சும்மா இருப்பாரா? கூடத்தின் நடுவே நூல் பிடித்து, அரை அங்குலம் பிசகாமல் சுவர் எழுப்பினார். நாற்காலி ஆறு, ஆளுக்கு மூன்று. அண்டா இரண்டு, ஆளுக்கு ஒன்று. ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, ஆளுக்கு ஒன்று. அது ஜோடி என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டணாப் பெறாத ஏதோ ஒரு பேச்சில் வார்த்தை தடித்து, சுவர் காய்வதற்குள் அண்ணன் தம்பி பேச்சும் நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கெழம அக்கா வருது" என்றார் சீடர்.

அக்கா அமராவதிக்கு எழுபது வயது. உடுமலையிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வருவார். தம்பிகள் பேசிக்கொள்வதில்லை என்று ஆனபின் அவரும் அளந்தே புழங்கினார். பெரியவன் வீட்டில் இரண்டு தோசை, சின்னவன் வீட்டில் இரண்டு தோசை. சினிமாவும் அப்படித்தான். இடைவேளை வரை பெரியவன் வீட்டில் பார்ப்பார். இடைவேளை விட்டதும் காபி டம்ளரோடு எழுந்து சின்னவன் வீட்டுக்குப் போய் மீதிப் படத்தைப் பார்ப்பார்.

"பதினோரு வருஷமா எங்க அக்காவோட உக்காந்து ஒரு படத்த முழுசாப் பாத்ததில்ல. இந்தத் தடவை இடைவேளையில அது எந்திரிக்கவே கூடாது. அப்பிடி ஒரு சத்தம் வேணும். அந்த ஜோடிப் பெட்டி மாதிரியே ஒண்ணு செஞ்சு குடுங்க."

"மாதிரிக்கு உங்க பெட்டியக் கொண்டாந்து வச்சிட்டுப் போங்க. வியாழக்கெழம வாங்க."

வியாழக்கிழமை சீடர் வந்தபோது மேஜையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு தேக்குப் பெட்டிகள் இருந்தன.

"அச்சு அசலா அதே மாதிரி இருக்கே" என்று பூரித்துப்போய்ப் பக்கத்தில் போனார். இரண்டாவது பெட்டிக்கு ஒரு காலைக் காணோம். அந்த இடத்தில் ரப்பர் செருப்புத் துண்டு ஒன்று ஆணியடித்திருந்தது. சின்ன வயதில் அந்தக் காலை உடைத்தவன் தம்பி கந்தவேல். அதற்கு அடி வாங்கியவர் தண்டபாணி.

"இது எப்பிடி இங்க வந்துச்சு?"

"இன்னொருத்தரும் மாதிரிக்குன்னு கொண்டாந்து வச்சாரு. அவருக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணுமாம்."

"எதுக்காம்?"

"யாரோ அக்கா வர்றாங்களாம். அவங்க வந்தாலே இவருக்குப் பின்பாதிதான் கெடைக்குதாம். கதையே புரியலன்னு சொன்னாரு."

சீடருக்குச் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

குரு இரண்டு பெட்டிகளுக்கும் ஒயர் கொடுத்து ஒரு பழைய பாட்டைப் போட்டார். பாட்டு வந்தது. ஆனால் தண்ணீர் விட்ட மோர் மாதிரி இருந்தது. தபேலாவில் கனமே இல்லை. பாடுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றும் தெரியவில்லை.

"அவன் பெட்டி கெட்டுப்போச்சு" என்றார் சீடர். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார்.

குரு தம்பியின் பெட்டியை மட்டும் பாடவிட்டார். கணீரென்று பாடியது. அடுத்து அண்ணன் பெட்டியை மட்டும் பாடவிட்டார். அதுவும் கணீரென்றே பாடியது. மறுபடி இரண்டையும் சேர்த்தார். மறுபடி மோர்தான் வந்தது.

"தனித்தனியா நல்லாத்தான பாடுது. சேந்தா என்ன கேடு?"

"ஒண்ணுக்கொண்ணு செவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் எடம் மாறியிருக்கு சார். இந்தக் கோன் முன்னால வர்றப்ப அது பின்னால போகுது. அது முன்னால வந்தா இது பின்னால போயிருது. ஒண்ணு தள்ளுற காத்த இன்னொண்ணு உள்ள இழுத்துக்குது."

"தப்பு எந்தப் பெட்டியில?"

"எதுலயும் இல்ல."

"அப்ப எதை மாத்தணும்?"

"ஏதாச்சும் ஒண்ணை. எதை மாத்தினாலும் சரியாயிரும்."

"அதெப்பிடி? அதுக்குன்னு ஒரு முறை இருக்குமுல்ல. மொதல்ல யாருது..."

"கைக்குக் கிட்ட இருக்கறத மாத்துங்க சார்."

சீடரின் கைக்குக் கிட்ட இருந்தது அவருடைய பெட்டி. குனிந்து சிவப்பைக் கறுப்பு இருந்த இடத்திலும் கறுப்பைச் சிவப்பு இருந்த இடத்திலும் மாட்டினார்.

பாட்டு ஒன்றுகூடியது. தபேலா நெஞ்சில் வந்து தட்டியது. பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில் வந்து நின்றார். அங்கே ஒரு பசை டப்பாவைத் தவிர வேறு எதுவும் இல்லை. சீடர் அந்தப் பசை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் கேட்டார்.

"நான் கேட்ட பெட்டி?"

"அது என்னால ஆகாது சார். அவருகிட்டயும் ஆகாதுன்னுதான் சொல்லப்போறேன். உங்க பெட்டிய எடுத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, தண்டபாணி வீட்டில் படம் ஓடியது. பஸ் பாதியில் மொபெட் ஆனபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார். இடைவேளை வந்தது. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

தண்டபாணி ஒயரைக் கழற்றினார். தேக்குப் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்னாலேயே நடந்தார்.

"எங்கடா தூக்கிட்டு வர்ற?"

"மீதிப் படத்துக்கு."

கந்தவேல் கதவைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார், பின்னால் மூச்சு வாங்க நின்ற அண்ணனைப் பார்த்தார், அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசினார்.

"நெலப்படி தடுக்கும். பாத்து வா."

சொல்லிவிட்டுப் பெட்டியின் அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சீடர் கடைக்கு வந்தார். கையில் அளவு டேப் இருந்தது.

"படம் பாத்தீங்களா சார்?" என்றார் குரு.

"மறுபடி மொதல்லருந்து போட்டோம். தம்பிதான் முன்பாதிய ஒரு தடவையாச்சும் பாக்கணும்னான். பஸ் கடைசி வரைக்கும் பஸ்ஸாவே போச்சு."

"பெட்டி?"

"அங்கதான் இருக்கு. மத்த மூணையும் இன்னைக்குக் கொண்டுபோறேன். அவன் பின்பக்கச் செவத்துல ஆணிகூட அடிச்சு வச்சிட்டான்."

"அப்பறம் என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல. நேத்து இருந்த அவசரத்துல ரெண்டு பெட்டியவும் கண்ணுக்குத் தோதா வச்சிட்டோம். நடுவுல எத்தனை அடின்னு பாக்கல. போயி அளந்து சரி பண்ணிரலாம்னு கெளம்பிட்டேன். எத்தனை இருக்கணும்னு இப்பவாச்சும் சொல்லுங்க."

"பாட்டுப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"நடுவுல வந்து நின்னுச்சா?"

"நின்னுச்சு."

குரு பசை டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"டேப்ப இங்க வச்சிட்டுப் போங்க சார்."