குழாய் உள்ளே இருக்கும் வரை

"விட்டுடலாம்னு இருக்கேன் மேடம்" என்றாள் பிலோமினா.

வகுப்பு முடிந்து எல்லாரும் திரையிலிருந்து போய்விட்டிருந்தார்கள். இரண்டு சதுரங்கள்தான் மிச்சம். ஒன்றில் ஆசிரியை சுடர்க்கொடி. மற்றொன்றில் ஒரு மின்விசிறியும் பிலோமினாவின் நெற்றியும்.

சுடர்க்கொடி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குது அக்கா. போனைக் கொஞ்சம் கீழ சாய்ங்க. முகம் தெரியல."

பிலோமினா சாய்த்தாள். முகம் வந்தது. அழுது முடித்துக் கழுவிய முகம்.

வகுப்பில் சுடர்க்கொடி அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வகுப்பு முடிந்தால் அக்கா. மாணவி ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவள்.

பிலோமினாவுக்குத் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். தானாக மூச்சு விட முடியாதவர்களை இயந்திரத்தில் இணைப்பாள். அவர்கள் தானாக மூச்சு விடும் நாளில் கழற்றுவாள்.

டிப்ளமோ படித்து வந்தவள். அவளிடம் இயந்திரத்தைத் தொடக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பட்டம் வைத்திருந்தார்கள். இனிமேல் பட்டம் இருப்பவர்களுக்குத்தான் பொறுப்பாளர் பதவி என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவள் ஆன்லைனில் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். பாதிக் கிணறு தாண்டியும் விட்டாள்.

அப்போதுதான் அவள் கணவர் மிக்கேல் விழுந்தார்.

உப்பு லாரியின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பெலும்பு உடைந்தது. பல மாதம் படுக்கை என்று சொல்லி அனுப்பினார்கள். பகலில் அவருடைய தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். பொழுது சாய்ந்து பிலோமினா வேலையிலிருந்து வந்ததும் அவள் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகுதான் வகுப்பு.

"அதெல்லாம் சமாளிச்சுட்டுத்தான் இருந்தேன்" என்றாள் பிலோமினா. "நேத்து வரைக்கும்."

நேற்று அவள் மிக்கேலின் உதட்டைப் பார்த்திருக்கிறாள். காய்ந்து வெடித்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த சொம்பைத் தூக்கிப் பார்த்தாள். வைத்தபடியே நிறைந்திருந்தது.

தாகம் இல்லை என்றார். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னார்.

தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். வந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பாத்திரம் பிடிக்க ஆள் வேண்டும். அவளோ வகுப்பில் இருப்பாள். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தண்ணீரைத் தொடுவதில்லை. வகுப்பு முடியும் வரை அப்படியே கிடப்பார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் சுடர்க்கொடி.

"விழுந்ததுல இருந்து."

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"தட்டிக் கூப்பிட ஒரு டம்ளரும் கரண்டியும் பக்கத்துலயே வச்சிருந்தேன் மேடம். ஒரு நாளும் தட்டல. நல்லா தூங்குறாங்கன்னு நெனச்சேன். நிம்மதியாக்கூட இருந்துச்சு."

படிப்பை விட்டுவிடுகிறேன் என்று நேற்றே அவரிடம் சொல்லிப் பார்த்தாளாம். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் விழுந்தது போதாதா, உன்னையும் இழுத்துப் போடணுமா என்றார். அதோடு சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

"படிச்சா அவங்க வாடுறாங்க. விட்டா அதைவிட வாடுறாங்க."

ஒரு வருடம் இடைவெளி எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் வழி இருக்கிறதே என்றார் சுடர்க்கொடி.

பிலோமினா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அது விடுறதுதான் மேடம். பேருதான் வேற."

டிப்ளமோ படித்தபோது அவள் அறையில் இருந்த இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். ஒருத்தி கல்யாணம் முடித்து வருகிறேன் என்றாள். இன்னொருத்தி அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போனாள், அடுத்த வருடம் வந்துவிடுவேன் என்று சொல்லி. அவளுடைய செருப்பு ஹாஸ்டல் வாசலில் கடைசி வரை கிடந்தது.

"அதனால ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம். தொடரட்டுமா, விடட்டுமா?"

சுடர்க்கொடியிடம் நேரான பதில் கிடைக்காது என்பது மாணவர்களுக்குத் தெரியும். அவரிடம் மணி என்ன என்று கேட்டால், எங்கே போகணும் என்று கேட்பார் என்று வாட்ஸ்ஆப் குழுவில் கேலி பேசுவார்கள்.

"உங்க ஆஸ்பத்திரியில பயிற்சி பொம்மை இருக்கா அக்கா?"

"இருக்கு."

"சக்‌ஷன் செய்முறைத் தேர்வு உங்களுக்கு இன்னும் பாக்கி. சனிக்கிழமை எடுத்துடலாம். பொம்மையோட நெஞ்சுக்குள்ள சளிக்குப் பதிலா கெட்டியாக் கஞ்சி ஊத்தி வைங்க."

"மேடம், நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றீங்க."

"ஆறின கஞ்சியா இருக்கட்டும்" என்றார் சுடர்க்கொடி.

திரை கறுத்தது.

*

சனிக்கிழமை மிக்கேலின் தங்கையைக் கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கச் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் பிலோமினா பயிற்சி அறைக்குப் போனாள். கோபம் இன்னும் போகவில்லை. சக்‌ஷன் என்ற சளி உறிஞ்சும் வேலை அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. அதற்கு ஒரு தேர்வு.

மேசையில் பொம்மை மல்லாந்து கிடந்தது. தலையும் நெஞ்சும் மட்டும் உள்ள பொம்மை. தொண்டையில் மூச்சுக் குழாய். வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த கஞ்சியை உள்ளே ஊற்றினாள். போனை இரண்டு சலைன் பாட்டில்களுக்கு நடுவே நிறுத்தினாள்.

சுடர்க்கொடி திரைக்கு வந்தார். வணக்கம் சொன்னார். பிறகு ஒரே வரி.

"முழுசா எடுத்துடுங்க."

பிலோமினா கையுறை மாட்டினாள். மெல்லிய உறிஞ்சு குழாயை மூச்சுக் குழாய்க்குள் இறக்கினாள். உறிஞ்சல் தொடங்க, விரலால் அதன் பக்கத் துளையை மூடினாள். கஞ்சி கொரகொரவென்று ஏறியது. கெட்டியாக இருந்தது. கொஞ்சம் திருப்பினாள், கொஞ்சம் இழுத்தாள், மறுபடி இறக்கினாள். இன்னும் வந்தது. கடைசிச் சொட்டு வரும் வரை உறிஞ்சிவிட்டுக் குழாயை வெளியே எடுத்தாள்.

சுத்தமாக இருந்தது. போனைப் பார்த்தாள்.

"பொம்மை செத்துப்போச்சு" என்றார் சுடர்க்கொடி.

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

உறிஞ்சு குழாய் சளியை மட்டும் உறிஞ்சாது. காற்றையும் உறிஞ்சும். அது உள்ளே இருக்கும் வரை நோயாளிக்கு மூச்சு இல்லை. முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடம். வார்டில் அவள் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. அங்கே மானிட்டர் இருக்கும். ஆக்சிஜன் இறங்கினால் கத்தும். கத்துவதற்குள் எடுத்துவிடுவாள்.

"பொம்மைதானே மேடம்" என்றாள். "சத்தம் வரல."

"சத்தம் வரலன்னா மூச்சு முட்டலயா அக்கா?"

பிலோமினாவின் கையில் இருந்த குழாயிலிருந்து கஞ்சி மேசையில் சொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

ஒரு டம்ளரும் கரண்டியும் அவள் கண்ணுக்குள் வந்து போயின.

"மறுபடி ஊத்துங்க" என்றார் சுடர்க்கொடி.

ஊற்றினாள்.

"இந்தத் தடவை, குழாய் உள்ள இருக்கும் வரைக்கும் நீங்களும் மூச்சு விடாதீங்க."

இதுவும் பழைய பாடம்தான். டிப்ளமோவில் ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். உன் மூச்சை அடக்கிக்கிட்டுக் குழாயைப் போடு. உனக்குத் தாங்காதப்போ அவங்களுக்கும் தாங்காது. மானிட்டர் வந்த பிறகு அதை மறந்துபோனாள். எல்லாரும் மறந்துபோனார்கள்.

பிலோமினா மூச்சை அடக்கினாள். குழாயை இறக்கினாள்.

கஞ்சி ஏறியது. நெஞ்சு இறுகியது. வேலையெல்லாம் முடித்து வந்த உடம்பு. நினைத்ததைவிடச் சீக்கிரம் காது அடைத்தது. உள்ளே பாதிக்கு மேல் இன்னும் இருந்தது. அது அவளுக்குக் கையில் தெரிந்தது.

குழாயை வெளியே உருவினாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். கை தானாகப் போய் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் ஆம்பு பையை எடுத்துப் பொம்மையின் குழாயில் மாட்டியது. அழுத்தியது. பொம்மையின் நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"ஏன் எடுத்துட்டீங்க?" என்றார் சுடர்க்கொடி.

"மூச்சு முட்டிடுச்சு மேடம்."

"உங்களுக்குத்தானே."

"எனக்கு முட்டுறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு முட்டியிருக்கும்."

"கஞ்சி இன்னும் உள்ள இருக்கே."

"இருக்கட்டும். முதல்ல காத்து."

பொம்மையின் நெஞ்சு எழுந்தது. தாழ்ந்தது.

"அப்போ விட்டுட்டீங்களா அக்கா?"

பிலோமினா வாயைத் திறந்தாள். உடனே சொல்லக்கூடிய பதில்தான். எந்த மாணவி கேட்டாலும் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். இப்போது அது வாயில் வரவில்லை.

அவள் பையை அழுத்திக்கொண்டே நின்றாள்.

சுடர்க்கொடி தேர்வு முடிந்தது என்றார். வாளியைக் கழுவி எடுத்துப் போங்க, கஞ்சி காய்ஞ்சா போகாது என்றும் சொன்னார்.

திரை கறுத்த பிறகும் பிலோமினா நின்றாள். பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, குழாயை மறுபடி இறக்கினாள். எடுத்தாள். காற்று கொடுத்தாள். மறுபடி இறக்கினாள்.

யாரும் பார்க்கவில்லை. கஞ்சி தீரும் வரை செய்தாள்.

*

திங்கட்கிழமை மிக்கேலின் தங்கை போன பிறகு பிலோமினா சமையலறைக்குள் போனாள். சொம்பைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மிக்கேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளாஸ் தொடங்கியிருக்குமே?"

"தொடங்கியிருக்கும்."

"போன் எங்க?"

"சார்ஜில கிடக்கு."

அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"விட்டுட்டியா பிலோ?"

"இல்ல" என்றாள். "ஒரு வருஷத்துக்கு வெளிய எடுத்திருக்கேன்."

"என்னத்த?"

அவள் ஒரு கையை அவர் பிடரிக்கு அடியில் கொடுத்துத் தலையை உயர்த்தினாள். மறு கையால் சொம்பைச் சாய்த்தாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு முதல் வாயைக் குடித்தார். அடுத்த வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது. ஓரமாக வழிந்து தலையணை நனைந்தது.

சொம்பு தீர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் கொண்டா" என்றார் மிக்கேல்.