ஏழு இடி, அரை உழவு

கரிசல் காட்டில் ஓர் ஊருணி இருந்தது. ஊருணி என்று பெயர்தான். சித்திரை வெயிலில் அதற்குள் வெடிப்புகள்தான் இருந்தன. ஒரு வெடிப்பில் பவுனு என்ற தவளை குடியிருந்தாள். பக்கத்து வெடிப்பில் கொடுக்கன் என்ற நண்டு. பவுனு அவனுக்கு மதினி முறை. தவளை எப்படி நண்டுக்கு மதினி ஆகும் என்று கேட்காதீர்கள். ஒரே ஊருணியில் இருந்தால் ஏதாவது ஒரு முறை வந்துவிடும்!

பவுனுவின் வயிறு நிறைய முட்டைகள். போன வருஷம் மழையே இல்லாததால் அவள் பிள்ளை முகம் பார்க்கவில்லை. இந்த வருஷமாவது பார்த்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் காற்று சுழற்றி அடித்தது. புழுதி எழும்பியது. டமார்! வானம் இடித்தது!

"மழை! மழை!" என்று மயில் தோகையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது.

சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. ஆலங்கட்டிகூட விழுந்தது! ஒன்று மயிலின் தலையில் விழுந்தும் அது ஆட்டத்தை நிறுத்தவில்லை. மழை விட்டதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னது: "எண்ணிக்கிட்டே இருந்தேன். ஏழு இடி! அப்படின்னா ஏழு உழவு மழை!"

கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் அந்த ஊரில் அதை ஓர் உழவு மழை என்பார்கள். ஏழு உழவு என்றால் கேட்கவா வேண்டும்? பவுனுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருணியோர வண்டித் தடத்தில் தண்ணீர் பளபளவென்று தேங்கி நின்றது. ஒரே தாவாகத் தாவினாள்.

"மதினி, பொறுங்க!" என்று கொடுக்கன் பக்கவாட்டில் ஓடி வந்தான். வந்த வேகத்தில் தடத்தோரத்தைத் தோண்டினான். "இங்கே பாருங்க! என் கொடுக்கு முழுசா இறங்கலை, அதுக்குள்ள பொடி மண்ணு. இது அரை உழவு மழைதான். மூணு நாள்ல இந்தத் தண்ணி காய்ஞ்சிரும். கரம்பைக் கிடங்குல போயி முட்டை விடுங்க!"

வயலுக்குப் போட வண்டல் அள்ளியதால் ஊருணிக்குள் விழுந்த பள்ளம் அது. மண்ணில் இறங்காமல் ஓடிய தண்ணீரெல்லாம் அங்கேதான் ஆழமாகக் கிடந்தது.

"அந்த இருட்டுக் குழியிலயா?" என்று பவுனு முறைத்தாள். "ஊரே ஆடுது, பாடுது. இந்த நேரத்துல பொடி மண்ணைத் தோண்டிக் காட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தான், கொழுந்தரே!"

வண்டித் தடத்திலேயே முட்டைகளை விட்டாள். மறுநாளே குட்டிக் குட்டித் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டின. பவுனுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை!

ஆனால் மழைக்குப் பின் வந்த வெயில் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதற்குள் நூறு பிள்ளைகள் நெளிந்தன.

"கொழுந்தரே! என் பிள்ளைங்க! ஓடி வாங்க!"

'அப்பவே சொன்னேனே' என்று கொடுக்கன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லவன். "அழுகுற நேரமா இது? கிடங்கு சரிவுலதான இருக்கு! வாய்க்கால் வெட்டுவோம்!" என்றான்.

மயில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. "நான் இடியைத்தான எண்ணினேன்…"

"எண்ணினது போதும்! கால் நகம் சும்மாதான இருக்கு? கிளறுங்க!" என்றான் கொடுக்கன்.

மயில் கிளறியது. நண்டு வெட்டினான். பவுனு மண்ணை உதைத்துத் தள்ளினாள். வெயில் ஏற ஏற தண்ணீர் குறைந்தது. இன்னும் ஒரு சாண்! இன்னும் நாலு விரல்! உடைந்தது தடத்தின் கரை! தண்ணீரோடு பிள்ளைகளும் வழுக்கிக்கொண்டு ஓடின.

"போங்க! போங்க! நிக்காதீங்க!" என்று பவுனு கத்தினாள்.

எல்லாம் போய்ச் சேரவில்லை. பாதிதான் சேர்ந்தன. சேற்றில் ஒட்டிக்கொண்டவற்றைப் பார்த்துப் பவுனு அன்று முழுதும் அழுதாள். கிடங்குத் தண்ணீர் ஒன்றரை மாதம் தாங்கியது. அதற்குள் மீதிப் பிள்ளைகளுக்கு வால் போய்க் கால் வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்தது. டமார்! டமார்! மழை கொட்டியது.

"எட்டு இடி…" என்று ஆரம்பித்த மயில் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. எல்லோரும் பவுனுவைப் பார்த்தார்கள். அவள் ஆடவில்லை, பாடவில்லை. பின்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். சேறு பறந்து மயிலின் தோகையில் அப்பியது.

"ஈரம்! இன்னும் ஈரம்! அடியிலயும் ஈரம்! ரெண்டு உழவு மழை, கொழுந்தரே!"

அப்புறம்தான் அவள் வாயைத் திறந்து பாடினாள். பிழைத்த பிள்ளைகள் அத்தனையும் முதல் தடவையாக அவளோடு சேர்ந்து பாடின. ஊருணியே அதிர்ந்தது!

சந்தோஷம் வந்தால் தாராளமாகக் குதிக்கலாம், ஆனால் பெற்ற பிள்ளைகளை அதை நம்பி விடுவதற்கு முன் அடிமண் நனைந்திருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.