கறுப்பு பார்டர்

கிராஃபிக் டிசைன் கல்லூரியில் இறுதித் தேர்வு. மாணவி இசக்கியம்மாளின் அப்பா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற அச்சகக்காரர் என்று கேள்விப்பட்டதுமே, தேர்வாளர் ஞானசிகாமணி உதட்டைப் பிதுக்கினார்.

“சாவு போஸ்டர் அடிக்கிற வீட்டுக்கு டிசைன் எங்கம்மா வரும்? நாளைக்கு ஒரு போஸ்டர் போட்டுக் காட்டு. எழுத்து கூடாது, படமும் கூடாது. ஆனா பாக்கிறவன் நின்னு விசாரிக்கணும். இல்லைன்னா ஃபெயில்தான்.”

மறுநாள் காலை அவர் கார் கல்லூரி வாசலுக்கு வந்தது. மதில்சுவரில் ஒரு வெள்ளைத்தாள். அதைச் சுற்றித் தடித்த கறுப்பு பார்டர், வேறொன்றும் இல்லை. பக்கத்தில் இசக்கியம்மாள் கைகட்டி நின்றாள்.

ஞானசிகாமணி காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கூலிங்கிளாஸைக் கழற்றினார். குரல் தானாகத் தணிந்தது.

“யாரும்மா தவறிட்டாங்க?”

“யாரும் தவறல சார். இது என் பரீட்சை போஸ்டர். நீங்க நின்னு விசாரிச்சிட்டீங்க.”