மினுக்கும் சுவர்

இந்தக் கதையில் சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு இருபத்தாறு. தாடி வைத்திருப்பதும் சீடர்தான்.

சீடர் பெயர் தணிகாசலம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரு பர்வீன், அரக்கோணத்தில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டரில் வீடு வரையச் சொல்லித் தருபவர்.

தணிகாசலம் வரைந்துகொண்டிருந்தது, ரோட்டை அகலப்படுத்தியபோது இடிபட்ட தன் பழைய வீட்டை. மகள் புது வீடு கட்டுகிறாள். “அம்மாவோட சமையலறையை வரைஞ்சு குடுங்கப்பா, அதே மாதிரி கட்டிடலாம்” என்று கேட்டிருந்தாள். திங்கட்கிழமை மேஸ்திரி வருகிறார். அன்று சனிக்கிழமை.

அந்த நேரம் பார்த்து ஒரு சுவர் மினுக்கத் தொடங்கியது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர். படத்தை இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் மஞ்சள். நடுவில் ஒரு ஜன்னல் பாதி தெரிந்து பாதி மறைந்தது.

முப்பத்து நாலு வருடம் கம்பம் ஏறியவருக்கு மினுக்குகிற எதுவும் லூஸ் காண்டாக்ட்தான். ஒயரையெல்லாம் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்து, திரும்பச் செருகினார். சுவர் அசரவில்லை.

“டீச்சர், உங்க மிஷின் அவுட்டு.”

“மத்த சுவரெல்லாம் நல்லாத்தானே நிக்குது ஐயா?”

“இது ஒண்ணுதான் ஆடுது.”

பர்வீன் மவுஸை வாங்கி, சுவரைப் பிடித்து ஓரமாக இழுத்தார். பச்சைச் சுவர் நகர்ந்து வாசலுக்கு வெளியே போய் நின்றது. அது இருந்த இடத்தில் ஜன்னல் வைத்த மஞ்சள் சுவர் ஒன்று அப்படியே இருந்தது. மினுக்கல் நின்றுவிட்டது.

“ஒரே இடத்துல ரெண்டு சுவர் வரைஞ்சிருக்கீங்க. எதைக் காட்டறதுன்னு அதுக்குத் தெரியல.”



“ரெண்டுமே இருந்துச்சும்மா.”

“ஒரே நேரத்துலயா?”

“இல்ல. பச்சைதான் மொதல்ல. இருபத்தாறு வருசம். டூட்டி முடிஞ்சு வந்து அதுல சாஞ்சுதான் உக்காருவேன். என் தலை எண்ணெய்க் கறையே ஒரு ஆளாட்டம் அதுல இருக்கும். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி சுகுணா அம்மியில அரைக்கிறது எனக்கு முதுகுல கேக்கும். சத்தத்தை வெச்சே இன்னிக்கு என்ன குழம்புன்னு சொல்லிடுவேன்.”

“மஞ்சள்?”

“ஜன்னல் வெச்சு பெயிண்ட் அடிச்சது. அது பதினோரு மாசம்தான். அப்புறம் அவ இல்ல.”



“ஏதாவது ஒண்ணுதான் இருக்க முடியும் ஐயா.”

“பச்சையே இருக்கட்டும். இருபத்தாறு வருசம் எங்க, பதினோரு மாசம் எங்க? கண்ணை மூடினா அதுதான் வருது.”

“சரி” என்று பர்வீன் மஞ்சள் சுவரை வெளியே எடுத்துவிட்டு, பச்சையைப் பழைய இடத்தில் நிறுத்தினார். சுவர் ஆடாமல் அசையாமல் நின்றது. தணிகாசலத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

“பிரிண்ட் போட்டுடலாமா டீச்சர்?”

“ஒரு நிமிஷம்.”

இத்தனை நாளும் தணிகாசலம் கூடத்தில் இருந்தபடியேதான் வீட்டைப் பார்த்து வரைந்திருந்தார். பர்வீன் படத்தைத் திருப்பி, சமையலறைக்குள் கொண்டுபோய், அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

“இங்க யாரு நிப்பாங்க?”

“சுகுணா.”

“என்ன தெரியுது?”

திரை முழுக்கப் பச்சையாக இருந்தது.

“சுவர்.”

“ஜன்னலை யாரு கேட்டது?”

“அவதான். கல்யாணமான வருசத்துலேர்ந்து கேட்டுட்டே இருந்தா. நீங்க வர்றது போறதுகூடத் தெரியலன்னு சொல்லுவா. நான்தான் பாக்கலாம், பாக்கலாம்னு…”

பர்வீன் மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தணிகாசலம் அதைத் தொடவில்லை. வெளியே நின்ற மஞ்சள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரிகிட்ட எதைக் குடுக்கட்டும் டீச்சர்?”

“உங்க பொண்ணு யாரோட சமையலறையைக் கேட்டாங்க ஐயா?”