சாவிக்கு முன் ஆறு கேள்விகள்

கூழைக்குளம் நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். தலைமையாசிரியர் ஆவுடையப்பன், கணக்குக்கு ஞானசிகாமணி, மற்ற எல்லாவற்றுக்கும் பிரகதாம்பாள் டீச்சர். மூவரும் மேலிடம் சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதற்கு மேல் ஒரு நூலிழைகூடச் செய்யமாட்டார்கள், யோசிப்பது உட்பட.

அந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் இனிமேல் கேள்வி கேட்க வேண்டுமாம். அதுவும் நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், மதிப்பிடல், படைத்தல் என்று ஆறு சிந்தனை நிலைகளிலும் கேட்க வேண்டுமாம். மாதக் கடைசியில் அலுவலர் வருவார். ஆறு நிலையிலும் கேள்வி எழாவிட்டால் பள்ளியை மூடிப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பக்கத்து ஊருக்குப் பேருந்து காலை ஆறு மணிக்கு. மூவரும் காலை ஆறு மணியை முன்பின் பார்த்தவர்கள் அல்லர்.

சுற்றறிக்கையின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: ‘கேள்வி வந்ததும் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ஆறு நிலைகளையும் தொடும்வரை பொறுத்திருங்கள்.’

“பதில் சொல்லாம இருக்கறது எனக்குக் கஷ்டமே இல்ல சார்,” என்றார் ஞானசிகாமணி. “இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் இருக்கேன்.”

பிள்ளைகள்தான் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் முட்டி போட வேண்டும் என்பது பள்ளியின் பழைய சட்டம். ஆவுடையப்பன் அதைத் திருத்தி, கேட்காதவர்கள் முட்டி போட வேண்டும் என்று அறிவித்தார். பள்ளி முழுவதும் மறுபேச்சில்லாமல் முட்டி போட்டது. அவர்களுக்கு நன்றாக வந்த பாடம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள், நாலாம் வகுப்பு மாடக்கண்ணு எழுந்து நின்றான்.

“சார், ஒன்னுக்குப் போகட்டுமா?”

ஞானசிகாமணி ஓடிப்போய் மற்ற இருவரையும் கூட்டிவந்தார். “கேள்வி வந்துடுச்சு சார்!”

“எந்த நிலை?” என்றார் ஆவுடையப்பன்.

“நினைவுகூர்தல். இவ்வளவு நேரம் மறந்திருந்தான், இப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு.”

“அதெல்லாம் இல்ல,” என்றார் பிரகதாம்பாள். “போகலாமா கூடாதான்னு நம்மகிட்ட தீர்ப்புக் கேக்கறான். மதிப்பிடல். அஞ்சாவது.”

ஆவுடையப்பன் முகம் வாடியது. “அப்ப முதல் நாலும் எங்கடா? திடீர்னு அஞ்சாவதுல வந்து குதிச்சா எப்படி? கீழேருந்து வா.”

மாடக்கண்ணு கால்களைப் பின்னிக்கொண்டு கீழேயிருந்து வந்தான். ஒன்னுக்கு என்றால் என்ன என்று கேட்டான். அது ஏன் வருகிறது என்று கேட்டான். மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. தரையிலும் தெரிந்தது.

“நடுவுல மூணை விட்டுட்டு நேரா படைத்தலுக்குப் போயிட்டான் சார்,” என்றார் ஞானசிகாமணி மரியாதையோடு.

பள்ளியில் கழிப்பறை இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. வெள்ளை ஓடு பதித்த அருமையான கழிப்பறை இருந்தது. அலுவலர் வரும்போது சுத்தமாக இருக்க வேண்டுமே என்று, கட்டிய நாளிலிருந்து அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சாவி ஆவுடையப்பன் இடுப்பில். பிள்ளைகளுக்குக் கருவேலங்காடு.

மாதக் கடைசியில் அலுவலர் சந்திரவதனம் அம்மாள் வந்தார். வழியில் இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டிலும் இளநீர் கொடுத்திருந்தார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, “சார், பாத்ரூம் எங்க இருக்கு?” என்றார்.

ஆவுடையப்பனின் கை இடுப்புக்குப் போனது. பிரகதாம்பாள் பாய்ந்து அவர் காதில், “சோதிக்கறாங்க சார்! பதில் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே ஆறு மணி பஸ்ஸு!” என்றார்.

கை திரும்பி வந்தது. “அருமையான கேள்வி மேடம். நினைவுகூர்தல்.”

ஞானசிகாமணி கையோடு தூக்கிவந்திருந்த கரும்பலகையில் ஒரு கோடு போட்டார்.

அலுவலர் தாமே தேடிக் கண்டுபிடித்தார். “இது ஏன் பூட்டியிருக்கு?”

“புரிதல்,” என்றார் ஆவுடையப்பன். இரண்டாம் கோடு.

“உங்க இடுப்புல தொங்குதே, அந்தச் சாவியைப் போட்டா திறக்குமா?”

“பயன்படுத்தல்.”

“யாருமே போகக் கூடாதுன்னா எதுக்குய்யா கட்டினீங்க?”

“பகுத்தல்! இதை நாங்ககூட யோசிச்சதில்ல மேடம்.” பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“நீங்கல்லாம் மனுஷங்கதானா?”

“மதிப்பிடல். இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மேடம், விட்டுடாதீங்க!”

அலுவலர் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றார். அனுபவசாலியான மாடக்கண்ணு முன்னால் வந்து, “டீச்சர், ஆறாவதுக்கு யோசிக்கவே வேணாம். சும்மா நின்னா போதும், அதுவா வந்துடும்,” என்றான்.

“அய்யோ!” என்று அலறினார் அலுவலர். “உங்களுக்குன்னு புதுசா ஒரு விருது உண்டாக்கித் தரட்டுமா? அப்பவாவது சாவியக் குடுப்பீங்களா?”

“படைத்தல்!” என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆவுடையப்பன் ஒரு கையால் படிவத்தையும் மறு கையால் சாவியையும் நீட்டினார். ‘ஆறு நிலைகளிலும் கேள்விகள் கேட்கப்பட்டன’ என்ற வரிக்குக் கீழே அலுவலர் ஓடிக்கொண்டே கையெழுத்திட்டார். யார் கேட்டார்கள் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

பள்ளி தப்பியது. விருதும் வந்தது. அடுத்த மாதம், இந்த முறையை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வட்டாரத்து ஆசிரியர்கள் நாற்பது பேரை மேலிடம் கூழைக்குளத்துக்கு அனுப்பிவைத்தது. மூன்று மணி நேரப் பயணம். பேருந்து வழியில் எங்கும் நிற்கவில்லை. இறங்கிய நாற்பது பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

ஆவுடையப்பன் சாவியை இடுப்பில் இறுகச் சொருகிக்கொண்டார். ஞானசிகாமணி கரும்பலகையைத் துடைத்துவிட்டு மனக்கணக்காகவே சொன்னார்:

“ஆளுக்கு ஆறு, மொத்தம் இருநூத்தி நாப்பது. யாரும் அவசரப்படலேன்னா சாயங்காலத்துக்குள்ள கதவைத் திறந்துடலாம் சார்.”