விளக்குக்கு எத்தனை மணி நேரம்

எஸ்தாக்கிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு பிலோமிக்கு முப்பத்தெட்டு.

கண்ணில் புரை அறுத்த பிறகு, இனிக் கடல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார முடியாமல், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பிலோமியின் பேட்டரிக் கடைக்கு வேலை கற்றுக்கொள்ளப் போனார். முதல் மூன்று மாதம் அவள் அவரை எதையும் கழற்ற விடவில்லை. பச்சை பூத்துப்போன முனைகளை வெந்நீர் விட்டுக் கழுவச் சொன்னாள்.

"கடல்ல ராசா மாதிரி நின்ன மனுசன், இங்க வந்து கழுவிக்கிட்டிருக்காரு," என்று ஐஸ் உடைப்பவர்கள் கேலி செய்தார்கள்.

"ஒழுங்காக் கழுவ வரல. அதான் இன்னும் கழுவுதாரு," என்றாள் பிலோமி.

அவள் அவரைச் சித்தப்பா என்பாள். அவர் அவளை மேஸ்திரி என்பார்.

எட்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, எஸ்தாக்கி தோளில் ஒரு பேட்டரியோடு வந்தார். மகன் ரீகனின் படகில் இருந்தது.

அதற்கு முந்தின வாரம், நண்டு வலை போடத் தனியாகப் போன ரீகனின் சின்னப் படகு விடியற்காலத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை. அவசரத்துக்கு இழுக்கும் கயிறும் கையோடு அறுந்து வந்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அவன் நீரோட்டத்தோடு போனான். மறுநாள் காலையில்தான் ஊர்ப் படகு ஒன்று அவனைக் கண்டது. உதடு வெடித்து, பேச்சு வராமல் கரையேறினான்.

"புதன்கிழமை மறுபடியும் போறேங்கான்," என்றார் எஸ்தாக்கி. "சரியான பேட்டரி வைக்காம அனுப்ப மாட்டேன்னு மருமக வாசல்ல நிக்கா. எது சரியான பேட்டரி, மேஸ்திரி?"

பிலோமி பேட்டரியை வாங்கி சார்ஜில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை, அது எவ்வளவு கரண்டு தாங்கிக் கொடுக்கிறது என்று லோடு வைத்துப் பார்த்தாள். மீட்டரின் முள் இறங்கவில்லை. அவரையும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

"இது நல்ல பேட்டரி, சித்தப்பா."

"நல்லதுன்னா ஏன் கை விட்டுச்சு?"

"பேட்டரிகிட்டக் கேட்டா அது என்ன சொல்லும்? படகுல கரண்டு குடிக்கிறது என்னென்ன, எத்தனை மணி நேரம்? எழுதுங்க."

எஸ்தாக்கி ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினார். கண்ணுக்கு வெகு அருகில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாக எழுதினார். எழுதி முடித்து நீட்டினார்.

பிலோமி வாய்விட்டுப் படித்தாள்.

"வழி காட்டுற ஜி.பி.எஸ்., பத்து மணி நேரம். வயர்லெஸ், பத்து மணி நேரம். போன் சார்ஜ், மூணு மணி நேரம். பாட்டு, எட்டு மணி நேரம்." நிமிர்ந்தாள். "எட்டு மணி நேரமா?"

"தனியா இருக்கான்லா. கண் அசந்திரக் கூடாதுன்னு."

"சரி. விளக்கு..." அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். "ஒரு மணி நேரம்."

"போகும்போது அரை மணி. வரும்போது அரை மணி."

"நடுவுல?"

எஸ்தாக்கி சிரித்தார். "என்ன மேஸ்திரி, கரையிலேயே பிறந்து வளர்ந்துட்டு இப்படிக் கேக்க. பார் மேல நின்னுக்கிட்டு எவனாவது விளக்கு போடுவானா?"

கடலுக்கு அடியில் பாறை கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். அங்கே மீன் நிற்கும். எஸ்தாக்கியின் குடும்பத்துக்கு ஒரு பார் உண்டு. அவருடைய அப்பாவுக்கு அவருடைய தாத்தா காட்டியது. அது எங்கே என்று வீட்டுப் பெண்களுக்குக்கூடத் தெரியாது.

"விளக்கைப் போட்டா இன்னைக்கு ரெண்டு படகு வரும். நாளைக்கு இருபது வரும். நாலாம் நாள் அங்க கல்லுதான் இருக்கும்," என்றார். "பாருக்குக் கிட்டப் போனதும் விளக்கை அமத்தணும். ரீகனுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்."

"பாட்டு ஊருக்குக் கேக்காதாக்கும்?"

"சத்தத்தைக் குறைச்சு வப்பான்."

பிலோமிக்கும் சிரிப்பு வந்தது. அட்டையை மேசைமேல் வைத்தாள். வெளியே நண்டை எடை போடும் கூச்சல் கேட்டது.

"தேடப் போன அன்னைக்கு, எங்க வலை போட்டான்னு உங்ககிட்டக் கேட்டாங்களா, சித்தப்பா?"

எஸ்தாக்கி கையைத் துணியில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"தெக்கேன்னு சொன்னேன்."

"பார் தெக்கேயா?"

அவர் கடையின் வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"வடகிழக்கு," என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "பதினாலு படகு நின்னுச்சு, மேஸ்திரி. பதினாலு பேரும் என் வாயையே பாத்துக்கிட்டு நின்னாங்க. சொல்ல வாயத் தொறந்தேன். வேற என்னமோ வந்திருச்சு. எப்படியும் அவனே எஞ்சினைச் சரிபண்ணிட்டு வந்திருவான்னு நினைச்சேன். மத்தியானம் வரைக்கும் நினைச்சேன்."

"மத்தியானம்?"

"மருமக பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கரைக்கு வந்தா. அப்பதான் வடக்கேன்னு மட்டும் சொன்னேன். படகெல்லாம் திரும்பி வந்து வடக்கே போறதுக்குள்ள பொழுது இறங்கிருச்சு."

பிலோமி ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராத்திரி ரெண்டு படகு அவன் பக்கமாப் போச்சாம். கத்தினானாம். எஞ்சின் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல. விளக்கைப் போட்டுப் பாத்திருக்கான். ஸ்டார்ட் பண்ணிப் பண்ணியே பேட்டரி செத்துப் போயிருந்துச்சு." அவர் மூக்கை உறிஞ்சினார். "இதை நான் யாருகிட்டயும் சொல்லல. ரீகன்கிட்டயும் சொல்லல. தெக்கேன்னு நான் தெரியாமச் சொல்லிட்டேன்னுதான் ஊர் நினைக்கு."

"எனக்குத் தெரியும். அன்னைக்கு உங்க பக்கத்துலதான் நின்னேன். சொல்ல வந்ததை நீங்க முழுங்கினதைப் பாத்தேன்."

"அப்பமே கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லுவீங்கன்னு நானும் மத்தியானம் வரைக்கும் நினைச்சேன், சித்தப்பா."

எஸ்தாக்கி தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் எழுந்து போய் இரண்டு பேட்டரிகளைத் தரையில் வைத்தாள். ஒன்று ரீகனுடையது. மற்றது அதைவிடச் சிறியது. நாலு பக்கமும் மூடி, படகு எவ்வளவு ஆடினாலும் ஆசிட் சிந்தாத வகை.

"உங்க பேட்டரிக்குள்ள தகடு மெல்லிசு, நிறைய இருக்கும். கேட்டதை ஒரே மூச்சுல கொடுக்கும். எஞ்சினுக்கு அதுதான் வேணும். எஞ்சின் ஓட ஓட மறுபடி நிறைஞ்சிரும். எஞ்சினை நிறுத்திட்டு ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்டா விடியுறதுக்குள்ள காலியாயிரும். இந்தச் சின்னதுக்குத் தகடு தடிமன். அவசரத்துக்கு ஆகாது. விடியுற வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமாக் கொடுக்கும். கரைக்கு வந்ததும் இதுக்கு நாம சார்ஜ் போட்டுக்கலாம்."

"ரெண்டும் வேணுமா? சின்னப் படகு. கனம் தாங்கணுமே."

"பாட்டுப் பெட்டிய எறக்குங்க. தாங்கும்."

"சின்னதுல என்னென்ன கொடுக்க?"

"ஜி.பி.எஸ்., வயர்லெஸ், விளக்கு. பெரியதுல எஞ்சினைத் தவிர எதுவும் தொடக் கூடாது. நீங்களே வயர் இழுங்க. நான் பாக்குதேன்."

மத்தியானம் இருவரும் கரைக்குப் போனார்கள். ரீகனின் படகு மணலில் ஏற்றிக் கிடந்தது. எஸ்தாக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகுக்குள் இறங்கினார். பெரிய பேட்டரியைப் பின்னால் எஞ்சின் பக்கம் வைத்துக் கட்டினார். சின்னதை நடுவில், தண்ணீர் ஏறாத உயரத்தில் பலகையடித்து வைத்தார். முனைகளுக்குக் கிரீஸ் தடவினார். பிலோமி மணலில் நின்றபடி ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தாள். ஒன்றை மட்டும் அவிழ்த்துக் கட்டச் சொன்னாள்.

கடைசியாகக் கம்பத்து விளக்கின் வயரைச் சின்னப் பேட்டரியில் கொடுத்தார். சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. வெயிலில் அது எரிவதே சரியாகத் தெரியவில்லை.

"முடிஞ்சுதா மேஸ்திரி?"

"இல்ல."

அவள் கையை நீட்டிக் கட்டிங் பிளேயரை அவரிடம் கொடுத்தாள்.

"சுவிட்சை வெட்டி எடுத்துட்டு, வயரை நேராக் கொடுங்க."

எஸ்தாக்கி பிளேயரை வாங்கினார். வெட்டவில்லை.

"சுவிட்ச் இல்லாட்டி எப்படி அமத்த?"

"கரைக்கு வந்து கழட்டிக்கலாம்."

"பார் மேல நிக்கும்போது?"

"எரியும்."

"மேஸ்திரி." அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எங்க அப்பா சாகுற வரைக்கும் வாயத் திறக்காத இடம். ஒரே ராத்திரியில ஊருக்கே தெரிஞ்சு போகுமே."

"தெரியட்டும், சித்தப்பா. இனிமே அவன் எங்கன்னு யாரும் உங்ககிட்ட வந்து கேக்க வேண்டாம்."