மேலே வைத்த ஒன்று

சேர்மத்துரை முப்பது வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்றபின் குவாண்டம் கணினி ஆராய்ச்சிக்கு வந்தார். வழிகாட்டி நஸ்ரினுக்கு அவர் வயதில் பாதிதான். சேர்மத்துரையின் ஆராய்ச்சிப் பதிவு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று கணினி கிடைப்பது பிற்பகலில் அரை மணி நேரம்தான். அதற்குள் அவர் எழுதிய கூட்டல் நிரல் ஓடியாக வேண்டும்.

எண்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் விடை சரியாக வந்தது. எல்லா எண்களையும் ஒரே குவாண்டம் நிலையில் சேர்த்துக் கொடுத்தால் வெறும் இரைச்சல், திரை முழுக்க ஒழுங்கில்லாத கோடுகள்.

"என் கூட்டல்ல தப்பே இல்லையே, மேடம். பின்ன ஏன் இப்படி?"

நஸ்ரின் பலகையில் 47, அதன் கீழே 38 எழுதிக் கூட்டச் சொன்னார். சின்னப்பிள்ளைக் கணக்கா என்று மனுஷனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போட்டார். ஐந்தைப் போட்டு, ஒன்றை மேலே வைத்து, எண்பத்தைந்து.

"மேல வெச்ச ஒண்ணை என்ன செஞ்சீங்க, சார்?"

அப்படியே இருக்கட்டும் என்று விட்டதாகச் சொன்னார். செய்முறை இல்லாத விடைக்கு அவர் ஒருநாளும் முழு மார்க் போட்டதில்லை. கணினியிலும் அப்படித்தான் விட்டிருந்தார். மேலே வைத்த ஒன்றின் அடையாளம் கணினியில் மிச்சமிருந்தால் எண்கள் ஒன்று சேராமல் தனித்தனியே நின்றுவிடும் என்றார் நஸ்ரின்.

சேர்மத்துரை பலகையிலிருந்த அந்த ஒன்றை விரலால் அழித்தார். விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டியது.

"போகலையே, சார். உங்க கைக்கு வந்திருக்கு. கணினியிலயும் துடைச்சா வேற எங்கயாவது போய் ஒட்டிக்கும்."

சேர்மத்துரை பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றாம் இடத்தில் எட்டைக் கூட்டியும் ஐந்துதான் வந்திருக்கிறது என்றால், ஒன்று மேலே போயிருக்கத்தான் வேண்டும். அப்படியானால் துடைக்க வேண்டாம். விடையிலிருந்தே திரும்பிக் கணக்குப் போட்டு அதைப் பூஜ்ஜியமாக்கலாம்.

சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவில்லை. முதல் ஓட்டம் கவிழ்ந்தது. முதலில் மேலே வைத்ததையே முதலில் பூஜ்ஜியமாக்கியிருந்தார்; அடுத்தடுத்து வைத்தவை அதை நம்பி நின்றவை. ஆனாலும் விடவில்லை. கடைசியில் வைத்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். நான்கு நிமிடம் மிச்சமிருந்தபோது இரைச்சல் அடங்கி, திரையில் ஒரே ஒரு கோடு எழுந்து நின்றது. மேலே வைத்தவை எல்லாம் பூஜ்ஜியம்.

சந்தோஷம்தான். ஆனால் பழைய வாத்தியாருக்கு மனசு ஆறவில்லை.

"தேர்வாளர்கள் செய்முறை கேட்பாங்களே, மேடம். காட்ட ஒண்ணுமே மிச்சமில்லையே."

நஸ்ரின் சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.

"முதல்ல இருந்து போட்டுக் காட்டுங்க, சார்."